பெயர்ப் பட்டியலோடு பத்து ஆண்டுகள்

கட்சிகள் தம் வேட்பாளர்களைத் தேர்ந்தெடுக்கும் 2016ஆம் ஆண்டு மார்ச் மாத முதன்மைத் தேர்தலின்போது, அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில், ஹாரிஸ் கவுண்டி என்ற மாவட்டத்தில், ஹூஸ்டன் நகரின் மேற்குப் பகுதியிலுள்ள ஒரு பிரிசிங்க்ட்டுக்கு (வாக்குப்பதிவு வட்டத்துக்கு)க் குடியரசுக் கட்சியின் சார்பில் பொறுப்பாளராகத் தேர்ந்தெடுக்கப்பட்டேன். நம் ஊர்க் கட்சிகளின் வழக்கில் சொல்வதானால், அது வட்டச் செயலாளர் பதவி. அதற்குச் சம்பளமோ அலுவலகமோ கிடையாது. இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மனுக் கொடுத்துப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும். ஹாரிஸ் கவுண்டியில் இத்தகைய வட்டங்கள் ஆயிரத்துக்கும் மேல் உள்ளன. ஆள் கிடைக்காமல் காலியாகக் கிடப்பவை எப்போதும் நிறைய இருக்கும். என் வட்டமும் அப்படிக் கிடந்ததால்தான் போட்டியின்றித் தேர்வானேன்.

தமிழ் நண்பர்கள் வட்டாரத்தில் செய்தி பரவியதும், ஒருவர் தொலைபேசியில் அழைத்து, "என்னங்க, நீங்க போயும் போயும் அந்தக் கட்சியிலயா?" என்று வருத்தத்தோடு கேட்டார். இந்திய வம்சாவளி அமெரிக்கர்களில் பெரும்பான்மையோர் ஜனநாயகக் கட்சிக்கு வாக்களிப்பவர்கள் என்பதால் அந்தக் கேள்வி எனக்கு வியப்பைத் தரவில்லை. தமிழில் 'பழமைவாதி' என்ற சொல்லே பாதி வசையாக ஒலிக்கிறது. அதற்கு ஈடான நல்ல சொல் ஒன்று நம்மிடம் இன்னும் அமையவில்லை என்பது என் நெடுநாள் குறை. குடும்பமும் தெருவும் வழிபாட்டிடமும் தம்மால் செய்துகொள்ளக்கூடியதை அரசாங்கத்திடம் ஒப்படைத்துவிடக் கூடாது, நமக்கு முன்னிருந்தோர் கட்டி வைத்ததைக் கலைப்பதற்கு முன் அது எதற்காகக் கட்டப்பட்டது என்று கேட்க வேண்டும் என்ற இரண்டு நம்பிக்கைகள்தான் என்னை அந்தக் கட்சிக்குக் கொண்டு சேர்த்தன. இன்றும் அவற்றைப் பற்றிக்கொண்டுதான் இருக்கிறேன்.

பொறுப்பேற்றதும் என் கைக்கு வந்தது ஒரு பெயர்ப் பட்டியல். டெக்சஸில் வாக்காளர்கள் கட்சி வாரியாகப் பதிவு செய்துகொள்வதில்லை. யார் எந்தக் கட்சியின் முதன்மைத் தேர்தலில் வாக்களித்தார்கள் என்ற விவரம் மட்டும் பொது ஆவணமாகக் கிடைக்கும். அதை வைத்து, நம் பக்கம் சாய்ந்தவர் யார், எதிர்ப்பக்கத்தவர் யார், எந்தப் பக்கமும் போகாதவர் யார் என்று நாமே ஊகித்துக் குறித்துக்கொள்ள வேண்டும். முதல் கோடையில் மாலை ஆறு மணிக்கு மேல், வெயில் சற்றுத் தணிந்த பிறகு, அந்தத் தாள்களை அட்டையில் செருகிக்கொண்டு தெருத் தெருவாக நடந்தேன். வீட்டு அஞ்சல் பெட்டிக்குள் தபால்தலை ஒட்டாத எதையும் போடுவது கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம் என்பதால், கதவுக் கைப்பிடியில் மாட்டும்படி துளையிட்ட அட்டைகளைத்தான் விட்டு வருவோம். காற்றில் பறந்து பக்கத்து வீட்டுப் புல்வெளியில் விழுந்த அட்டைகளைத் திரும்பப் பொறுக்கி எடுத்து மாட்டுவதற்கே ஒரு நடை வேண்டியிருந்தது.

அந்தப் பட்டியலின் உண்மையான பயன் எனக்கு விளங்கியது, தேர்தல் எதுவும் இல்லாத ஒரு வாரத்தில். 2017 ஆகஸ்ட் மாத இறுதியில் ஹார்வி புயல் ஹூஸ்டன்மீது நின்று பொழிந்தது. ஆடிக்ஸ், பார்க்கர் என்ற இரு நீர்த்தேக்கங்களும் நிரம்பியதால், 28ஆம் தேதி பின்னிரவில் தண்ணீரைத் திறந்துவிட வேண்டிய நிலை வந்தது. மழைக்குத் தப்பிய வீடுகள்கூட அந்த நீரில் மூழ்கின. சில தெருக்களில் ஒரு வாரத்துக்கு மேல் தண்ணீர் வடியவில்லை. எங்கள் வீடு மேட்டில் இருந்ததால் பிழைத்தது. மின்சாரம் இருந்த அந்த இரவில் பட்டியலை விரித்து, எழுபது வயதைக் கடந்தவர்களின் பெயர்களுக்கு நேராகப் பென்சிலால் கோடிட்டேன். மறுநாளிலிருந்து நானும் என் கணவரும் அழைக்க முடிந்தவர்களை அழைத்தோம். அழைத்தும் எடுக்காதவர்களின் வீடுகளைப் படகு வைத்திருந்த ஒரு பக்கத்துத் தெருக்காரரிடம் எழுதிக் கொடுத்தோம். யார் எந்தக் கட்சி என்று நான் இட்டிருந்த குறிகள் அதே தாளில் இருந்தன. அந்த வாரம் அவற்றை நான் பார்க்கவே இல்லை.

தண்ணீர் வடிந்த பிறகு செய்த வேலையைச் சொல்லித்தான் ஆக வேண்டும். நனைந்த சுவரைத் தரையிலிருந்து நான்கு அடி உயரத்துக்கு நேர்க்கோடு போட்டு அறுத்து, சுவராக நிற்கும் ஷீட்ராக் என்ற ஜிப்சம் பலகையைப் பெயர்த்து, உள்ளே ஊறிக் கிடக்கும் வெப்பத்தடுப்புப் பஞ்சைக் கையால் அள்ளிச் சாக்கில் கட்டி வெளியே போட வேண்டும். தாமதித்தால் பூஞ்சை ஏறிவிடும். ஒரு வீட்டில் ஒன்பது பத்து வயதுப் பையன் ஒருவன், நனைந்து ஊதிப்போன தன் பள்ளிப் புத்தகங்களை ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து தெருவோரக் குவியலில் வைத்துக்கொண்டிருந்தான். அவற்றை எறிய அவனுக்கு மனம் வரவில்லை. குவியலின்மேல் வரிசையாக அடுக்கிவிட்டு, சற்றுத் தள்ளி நின்று பார்த்தான். அந்தக் குடும்பத்தார் என் பட்டியலில் 'எதிர்ப்பக்கம்' என்று குறிக்கப்பட்டவர்கள்.

அதற்கு அடுத்த ஆண்டு நாங்கள் தோற்றோம். 2018 நவம்பர் 6 அன்று எங்கள் ஏழாவது நாடாளுமன்றத் தொகுதி, 1966இல், பின்னாளில் அதிபரான ஜார்ஜ் எச். டபிள்யூ. புஷ் முதன்முதலாக வென்ற நாள் தொட்டுக் கட்சியிடமே இருந்துவந்த தொகுதி, கை மாறியது. கவுண்டியில் தேர்தல் மூலம் நிரப்பப்படும் நீதிபதி இடங்களில் போட்டி நடந்த 59 இடங்களும் ஜனநாயகக் கட்சிக்குப் போயின. எனக்கு எல்லாவற்றையும்விட வலித்தது கவுண்டி ஜட்ஜ் எட் எம்மெட்டின் தோல்வி. டெக்சஸில் கவுண்டி ஜட்ஜ் என்பவர் நீதிபதியல்லர். கவுண்டி நிர்வாகத்தின் தலைவர். ஹார்வியின்போது பதறாமல் நிர்வாகத்தை நடத்தி, எதிர்க்கட்சியினரிடமும் மதிப்புப் பெற்றிருந்த அவர், இரண்டு விழுக்காட்டுக்கும் குறைவான வித்தியாசத்தில் தோற்றார். ஒரே பொத்தானை அழுத்திக் கட்சியின் வேட்பாளர்கள் அனைவருக்கும் மொத்தமாக வாக்களிக்கும் முறை அப்போது நடைமுறையில் இருந்தது. வாக்குச்சீட்டில் கீழே இருந்த அவர் பெயர்வரை பலருடைய கண் போகவே இல்லை என்றுதான் இன்றும் நினைக்கிறேன். எங்கள் கட்சி அந்த முறையால் பல ஆண்டுகள் ஆதாயம் அடைந்தது என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும்.

அந்தத் தோல்விக்கு மூன்றரை வாரம் கழித்து, நவம்பர் 30 அன்று, புஷ் காலமானார். டிசம்பர் 6ஆம் தேதி அவர் உடலை ஸ்பிரிங் என்ற ஊரிலிருந்து காலேஜ் ஸ்டேஷன் நகர்வரை ரயிலில் கொண்டுசென்றபோது, நானும் கணவரும் மேக்னோலியாவுக்குப் போய்த் தண்டவாளத்தோரம் நின்றோம். வெளிர்நீல வண்ணம் தீட்டிய 4141ஆம் எண் எஞ்சின் மெதுவாகக் கடந்து சென்றது. கண்ணாடிப் பக்கங்கள் கொண்ட பெட்டிக்குள் கொடி போர்த்திய பேழை தெரிந்தது. அருகில் நின்ற முதியவர் ஒருவர் தொப்பியைக் கழற்றி மார்போடு அணைத்துக்கொண்டார். புஷ்ஷைப் பற்றிப் பலர் பலவிதமாக எழுதினார்கள். எனக்கோ, 1963இல் இதே ஹாரிஸ் கவுண்டிக் கட்சியின் தலைவராக அவர் அரசியலைத் தொடங்கியதுதான் நினைவில் நின்றது. டெக்சஸ் முழுக்க ஜனநாயகக் கட்சியின் கோட்டையாக இருந்த காலம் அது. கட்சிக்குள்ளேயோ, ஜான் பிர்ச் சொசைட்டி என்ற தீவிரக் கம்யூனிச எதிர்ப்பு அமைப்பின் ஆதரவாளர்களுக்கும் மற்றவர்களுக்கும் ஒத்துவரவில்லை. அந்த ஆதரவாளர்களை விரட்டாமல் பொறுப்புக் கொடுத்து அரவணைத்துப் போகப் பார்த்தார். 1964இல் செனட் தேர்தலில் தோற்றார், 1966இல் கீழவைக்கு நின்று வென்றார், 1970இல் மறுபடியும் செனட்டுக்கு நின்று தோற்றார், 1980இல் கட்சியின் அதிபர் வேட்பாளராகும் போட்டியில் ரேகனிடம் தோற்றார். ரேகனுமே 1976இல் அப்போதைய அதிபர் ஃபோர்டிடம், மாநாட்டுப் பிரதிநிதிகளின் வாக்கில் 1,070க்கு 1,187 என்ற கணக்கில் தோற்றுவிட்டு வந்தவர்தான். இந்த எண்களை ஆறுதலுக்காக நான் மனப்பாடம் செய்யவில்லை. தோற்ற மறுநாள் காலையில் அவர்கள் என்ன வேலை செய்தார்கள் என்பது எனக்குத் தேவைப்பட்டது. யாரை அழைத்தார்கள், எந்தக் கூட்டத்துக்குப் போனார்கள், எதைக் கட்டினார்கள் என்று தேடித் தேடிப் படித்தேன்.

எங்கள் வேலை 2020இல் மாறியது. மொத்த வாக்கு முறையை நீக்க 2017இலேயே இயற்றப்பட்ட சட்டம் அந்த ஆண்டு செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. நீண்ட வாக்குச்சீட்டை அதன் கடைசிப் பெயர்வரை வாக்காளரே படித்துத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்ற நிலை அதனால் ஏற்பட்டது. டெக்சஸில் வாக்குச்சாவடிக்கு நூறு அடிக்குள் பிரச்சாரம் செய்யக் கூடாது. உள்ளே கைப்பேசியும் பயன்படுத்தக் கூடாது. ஆனால் எழுதிய குறிப்புத் தாளை எடுத்துச் செல்லலாம். ஆகவே ஒவ்வொரு தேர்தலுக்கும் இரண்டு பக்கத்தில் ஒரு தாள் தயாரிக்கத் தொடங்கினேன். எந்த நீதிமன்றம் என்ன வழக்கை விசாரிக்கிறது, வேட்பாளர் எத்தனை ஆண்டு வழக்கறிஞராக இருந்தவர், நான் யாருக்கு வாக்களிக்கப் போகிறேன், ஏன் என்பதை வயதானவர்கள் கண்ணாடி இல்லாமலும் படிக்கும்படி பெரிய எழுத்தில் அச்சிட்டு வீடு வீடாகக் கொடுத்தேன். ஒரு வேட்பாளரைப் பற்றி எனக்குத் தெளிவில்லை என்றால் அதையும் அப்படியே எழுதினேன். என் தாளில் எல்லாப் பெயருக்கும் பாராட்டு எழுதியிருந்தால், ஒரே தேர்தலோடு அதைக் குப்பையில் போட்டிருப்பார்கள்.

இந்தப் பணியில் மனம் உடைந்தது எதிர்க்கட்சியாரால் அல்ல. 2022இல் ஒரு கட்சிக் கூட்டத்தில், எங்கள் வட்டத்திலிருந்து வந்த ஒரு தீர்மானத்தை முன்மொழிந்து பேசிக்கொண்டிருந்தேன். டெக்சஸில் தீர்மானங்கள் வட்டக் கூட்டத்தில் தொடங்கி, மாவட்ட மாநாடு வழியாக மாநில மாநாட்டுக்குப் போகும்; ஐந்து பேர் ஒரு வரவேற்பறையில் உட்கார்ந்து எழுதிய வரிக்கும் அந்தப் பாதை திறந்திருக்கிறது என்பது எனக்கு எப்போதுமே பெருமையாக இருக்கும். நான் பேசி முடிப்பதற்குள், பல ஆண்டுகள் உடன் உழைத்த ஒருவர் எழுந்து, "இந்த நாட்டின் மரபைப் பற்றி எனக்குப் பாடம் சொல்ல நீங்கள் எப்போது இங்கே வந்தீர்கள்?" என்று கேட்டார். அவையில் யாரும் எதுவும் பேசவில்லை. அவருடைய கேள்வியை என்னால் தாங்கிக்கொள்ள முடிந்தது. அந்த மௌனத்தைத்தான் முடியவில்லை. தீர்மானம் தோற்றது, வீடு வந்து சேர்ந்தவள் மூன்று மாதம் எந்தக் கூட்டத்துக்கும் போகவில்லை. விலகல் கடிதம்கூட எழுதி வைத்திருந்தேன்.

என்னைத் திரும்ப அழைத்து வந்தது ஒரு தொலைபேசி அழைப்பு. ஹார்வி சமயத்தில் பென்சில் கோடிட்ட பெயர்களில் ஒருவர், எண்பதைத் தாண்டிய அம்மையார், மே மாதத்துப் பள்ளி வாரியத் தேர்தலுக்கு முன்பு அழைத்து, "உன் தாள் இன்னும் வரவில்லையே, உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார். கட்சிச் சின்னம் இல்லாமல் நடக்கும் அந்தச் சிறு தேர்தலுக்கு மிகச் சிலரே வாக்களிப்பார்கள்; நம் பிள்ளைகளின் பள்ளிகளை யார் நிர்வகிப்பது என்பதை முடிவுசெய்வதோ அதுதான். நடந்ததை அவரிடம் சொன்னேன். சற்று நேரம் ஒன்றும் பேசாமலிருந்துவிட்டு, தானும் அந்த மாதிரிக் கூட்டங்களை 1964இலிருந்து பார்த்திருப்பதாகச் சொன்னார். பிறகு மறுபடியும் தாளைப் பற்றிக் கேட்டார். அன்று இரவே உட்கார்ந்து தட்டச்சு செய்தேன்.

அதன் பிறகு சில வழக்கங்களை வைத்துக்கொண்டேன். தேசிய அரசியலைப் பற்றிய வாதங்களை வட்டக் கூட்டத்தில் எடுப்பதில்லை. வாஷிங்டனில் நடப்பதற்கு எங்கள் நான்கைந்து தெருக்களிலிருந்து எதுவும் செய்ய முடியாத நாட்களில் அது வெறும் கோபத்தை மட்டும் வளர்க்கும் என்று கண்டுகொண்டேன். கோபத்தோடு சேர்ந்தவர்கள் பெரும்பாலும் ஒரு தேர்தலுக்கு மேல் நிற்பதில்லை என்பதையும் இந்தப் பத்து ஆண்டுகளில் பார்த்துவிட்டேன். இருக்கைகளை அடுக்கி வைக்க வந்தவர்கள், தாளை மடித்துத் தர வந்தவர்கள், தேர்தல் நாளில் காலை ஏழு முதல் மாலை ஏழுவரை சாவடி அலுவலராக உட்கார ஒத்துக்கொண்டவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 2022இல் என்னை நோக்கிக் கேள்வி கேட்டவரும் இருக்கிறார். அவர் மன்னிப்புக் கேட்கவில்லை. நானும் கேட்கச் சொல்லவில்லை. 2024இல் சில நீதிபதி இடங்கள் எங்கள் பக்கம் திரும்பிய அந்த வாக்கு எண்ணும் இரவில், ஒரு கோப்பைக் காப்பியைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்துவிட்டுப் போனார்.

போன ஆண்டு வாக்காளர் பதிவுக்கான தன்னார்வத் துணைப் பதிவாளராகச் சான்று வைத்துக்கொண்டு தெருவில் நடந்தபோது, பழக்கமான ஒரு வீட்டுக் கதவைத் தட்டினேன். டெக்சஸில் பதினேழு வயதும் பத்து மாதமும் நிறைந்தவர் பதிவுக்கு விண்ணப்பிக்கலாம். கதவைத் திறந்தவன் என்னைவிட ஒரு தலை உயரமாக வளர்ந்திருந்தான். அன்று குவியலின்மேல் புத்தகங்களை அடுக்கியவன் அவன்தான். படிவத்தைச் சுவரில் வைத்தபடியே நிரப்பிக் கையெழுத்திட்டான். அந்தச் சுவரின் நான்கடி உயரத்தில், புதுப் பலகையைப் பழையதோடு ஒட்டிய இணைப்புக் கோடு வண்ணத்துக்கு அடியில் இன்னும் லேசாகத் தெரிந்தது. பதிவாளராக நிற்கும்போது எந்தக் கட்சிக்கு வாக்களிப்பாய் என்று கேட்கும் உரிமை எனக்குக் கிடையாது. படிவத்திலும் அதற்குக் கட்டம் இல்லை. ஐந்து நாட்களுக்குள் கவுண்டியில் சேர்த்துவிடுவேன் என்று சொல்லி, ரசீதைக் கிழித்து அவன் கையில் கொடுத்தேன். வீடு திரும்பியதும் பட்டியலில் அவன் பெற்றோரின் பெயர்களுக்குக் கீழே அவன் பெயரை என் கையாலேயே எழுதினேன். எதிரே இருந்த கட்டத்தை வெறுமையாக விட்டு வைத்திருக்கிறேன்.