எம்.எஸ்சி. மைக்ரோபயாலஜி புராஜெக்ட் வைவா: சால்வென்ட் கன்ட்ரோலை விடாதீர்கள்

ரிசல்ட் வந்துவிட்டது, நல்ல மதிப்பெண். பெரிய பாரம் இறங்கியிருக்கிறது. மறப்பதற்குள் ஜூனியர்களுக்கு எழுதிவிடுகிறேன். என்னுடையது ஆடாதோடை இலையின் பாக்டீரியா எதிர்ப்புத் திறன். உங்கள் செடி வேறாக இருந்தாலும் கேள்விகள் பெரும்பாலும் இவைதான்.

எக்ஸ்டர்னல் (வெளியிலிருந்து வந்த தேர்வாளர்), செடியின் மருத்துவ குணம் பற்றி எதுவுமே கேட்கவில்லை. பாக்டீரியா வளர்த்த ஒரு அகார் பிளேட்டின் படத்தைக் காட்டி, "சால்வென்ட் கன்ட்ரோல் எது?" என்றார். இலையின் எக்ஸ்ட்ராக்ட் (சாறு) இல்லாமல், அதைக் கரைக்கும் டி.எம்.எஸ்.ஓ. திரவம் மட்டும் விட்ட வெல்லை, அதாவது அகாரில் வெட்டிய குழியைக் காட்டினேன். அதன் விளிம்பு வரை பாக்டீரியா அடர்ந்து வளர்ந்திருந்தது, அதாவது கரைப்பான் அதைத் தடுக்கவில்லை. "எக்ஸ்ட்ராக்டில் மெத்தனால் மிச்சமில்லை என்று எப்படிச் சொல்கிறீர்கள்?" இலையிலிருந்து எக்ஸ்ட்ராக்ட் எடுக்க மெத்தனாலைத்தான் பயன்படுத்தியிருந்தேன். எடை மாறாமல் நிற்கும் வரை உலர்த்தி, ஒவ்வொரு முறையும் எடை போட்டுக் குறித்த பக்கத்தைத் திறந்து வைத்தேன். அதற்கப்புறம் அவர் பேச்சே மாறிவிட்டது. மெத்தனாலே பாக்டீரியாவைக் கொல்லும். அது தங்கியிருந்தால் நீங்கள் அளக்கிற ஜோன் (வெல்லைச் சுற்றி பாக்டீரியா வளராத வட்டம்) செடியுடையதுதான் என்று யாரும் நம்ப மாட்டார்கள். வேறு எதைக் குறைத்தாலும் இதில் கை வைக்காதீர்கள்.

மற்றவை:

- 0.5 மெக்ஃபார்லாண்ட் (பாக்டீரியா கலந்த திரவத்தின் கலங்கலை ஒப்பிடும் அளவு): மில்லிலிட்டருக்குச் சுமார் 1.5 × 10⁸ செல்கள்.
- ஸ்டெஃபைலோகாக்கஸுக்கு ஜோன் பெரிது, ஈ. கோலைக்குச் சிறிது, ஏன்? ஈ. கோலை கிராம் நெகட்டிவ் வகை, அதன் வெளிச்சவ்வு பல பொருள்களை எளிதில் உள்ளே விடாது.
- ஆல்கலாய்டு இருந்தால் மேயர் சோதனையில் வெளிர்மஞ்சள் வீழ்படிவு, டிராகண்டார்ஃபில் ஆரஞ்சு. ஆடாதோடையின் முக்கிய ஆல்கலாய்டு வாசிசின்.

ஜோன் பெரிதாக இருப்பதால் திறன் அதிகம் என்று எழுதிவிடாதீர்கள். அகாரில் எளிதில் பரவாத பொருளுக்கு, வீரியம் இருந்தாலும் ஜோன் சிறிதாகத்தான் வரும். ஒப்பிட வேண்டுமென்றால் எம்.ஐ.சி. (வளர்ச்சியைத் தடுக்கும் மிகக் குறைந்த செறிவு) பாருங்கள். அதில் ரெசாசுரின் சாயம் போட்டால் வளர்ச்சி உள்ள குழிகள் நீலத்திலிருந்து இளஞ்சிவப்பாகிவிடும், கண்ணாலேயே படிக்கலாம்.

நான் மனப்பாடம் செய்கிற ஆள் இல்லை. முந்தின இரவு லேப் நோட்டைத்தான் புரட்டினேன். மனப்பாடம் வருகிறவர்களும் அதையே செய்யுங்கள் என்பேன்.

கடைசியாக ஜி.சி.-எம்.எஸ். (பொருள்களை ஆவியாக்கிப் பிரித்து அடையாளம் காணும் கருவி) தரும் பட்டியல். அதில் பைட்டால் இருக்கிறதென்று பக்கம் பக்கமாகப் புகழ்கிறார்கள். அது பச்சையத்தின் வால் பகுதி, எந்தப் பச்சை இலையிலும் வரும். கருவியின் லைப்ரரியில் உள்ள பதிவோடு பொருந்துவதை மட்டும் வைத்து இதுதான் அந்தப் பொருள் என்று அடித்துச் சொல்லவும் முடியாது. ஆவியாகாத டேனின்களை அந்தக் கருவியில் தேடாதீர்கள். அவற்றுக்கு ஃபெரிக் குளோரைடு சோதனையைக் காட்டினால் போதும்.