முகூர்த்த மாதமும் செமஸ்டரும்: ஆரி வேலை செய்துகொண்டே பி.காம்.

முகூர்த்தத் தேதிகளும் செமஸ்டர் தேதிகளும் மோதிக்கொள்வதுதான் ஆரி வேலை செய்துகொண்டே படிப்பதில் பெரிய சிக்கல், மற்றதையெல்லாம் எப்படியாவது சமாளித்துவிடலாம். நான் மதுரையில் பி.காம். மூன்றாம் வருஷம், காலை ஷிஃப்ட். பிளஸ் டூ லீவில் பக்கத்துத் தெரு அக்காவிடம் ஆரி, அதாவது ஜாக்கெட் துணியில் கொக்கி ஊசியால் நூலும் மணியும் வைத்துச் செய்யும் எம்பிராய்டரி, கற்றுக்கொண்டு, காலேஜில் சேர்ந்ததிலிருந்து ஆர்டர் எடுத்துச் செய்கிறேன். கூடவே சாயங்காலம் டியூஷன், முகூர்த்தம் வரும் ஞாயிறுகளில் கேட்டரிங் சர்வீஸ். ஃபீஸை நானே பார்த்துக்கொள்ள வேண்டிய வீடு எங்களுடையது.

ஒரு நாளை எப்படிப் பிரிப்பது என்றுதான் எல்லாரும் கேட்கிறார்கள். நான் முதலில் வருஷத்தைப் பிரிப்பேன், அதுவும் தமிழ் மாதக் கணக்கில். ஆவணிக் கல்யாணத்துக்கு ஜாக்கெட் துணி ஆடியிலேயே வந்துவிடும், அப்போது காலேஜ் திறந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருக்கும், பரீட்சை பயம் இல்லை, எத்தனை வந்தாலும் எடுப்பேன். தைக் கல்யாண ஆர்டர் மார்கழியில் வரும், நவம்பர் செமஸ்டர் முடிந்த பிறகு, அதுவும் சௌகரியம். கழுத்தைப் பிடிப்பது ஐப்பசி, கார்த்திகை முகூர்த்தங்களும், வைகாசிக்காகச் சித்திரையில் வந்து குவியும் ஆர்டர்களும்தான், ஏனென்றால் ஒன்று நவம்பர் பரீட்சையோடும் இன்னொன்று ஏப்ரல் பரீட்சையோடும் வந்து நிற்கிறது. அந்த நேரத்தில் கல்யாணப் பெண் ஜாக்கெட்டை எடுப்பதே இல்லை, கையில் மட்டும் பார்டர் போடுகிற சின்ன வேலைதான். கேட்கிறவர்களிடம் பரீட்சை முடிகிற தேதியைச் சொல்லிவிடுவேன். சிலர் வேறு ஆளிடம் போவார்கள், சிலர் "பரவாயில்லம்மா, நீ எழுதிட்டு வா" என்று துணியைக் கொடுத்துவிட்டுப் போவார்கள்.

விலை வைப்பதுதான் நான் அதிகம் யோசித்த விஷயம். இதற்கு, அடக்க விலை கணக்கிடச் சொல்லித்தரும் என் காஸ்ட் அக்கவுண்டிங் பேப்பரே உதவியது. கழுத்தும் கையும் சுமாரான டிசைன் என்றால், செயின் ஸ்டிட்ச்சில் (சங்கிலித் தையல்) அவுட்லைன் ஓட்டி, உள்ளே மேடாகத் தெரியும்படி லோட் ஸ்டிட்ச் நிரப்பி, சுகர் பீட்ஸ் என்கிற பொடி மணிகள், கொஞ்சம் சர்தோசி என்கிற சுருள் ஜரிகைக் கம்பி வைத்து முடிக்க எனக்குப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. எங்கள் பக்கம் புதிதாகச் செய்பவர்களுக்கு அந்த வேலைக்கு 1,000 ரூபாய் கொடுப்பார்கள், அதில் சாமான் செலவு 250 போனால் மணிக்கு 60 ரூபாய்தான் நிற்கும். டியூஷனில் ஏழு பிள்ளைகள், ஆளுக்கு 400, திங்கள் முதல் வெள்ளி வரை தினம் ஒரு மணி நேரம், கணக்குப் போட்டால் மணிக்கு 125 ரூபாய்க்கு மேல் வருகிறது! கண்ணும் கழுத்தும் வலிக்கச் செய்கிற வேலைக்குப் பாதிதான் கூலியா என்று தோன்றியது. அதனால் கை பழகப் பழக அதே டிசைனை 1,800க்குக் கொண்டுவந்தேன். டியூஷனையும் விடவில்லை, செய்கிற வேலைகளில் மாசம் பிறந்தால் தவறாமல் கூலி வருவது அது ஒன்றில்தான்.

மதியம் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டு ஆறு மணிவரை, துணியை இழுத்துக் கட்டிய ஃபிரேமில்தான் இருப்பேன். வெளிச்சம் இருக்கும்போது செய்தே ஆக வேண்டும், டியூப்லைட்டில் சில்க் த்ரெட்டின் ஷேடு வேறு மாதிரி தெரியும், மாம்பழ மஞ்சளும் சந்தன மஞ்சளும் ஒன்றாகிவிடும். படிப்பும் இதற்குள்ளேயே கொஞ்சம் நடக்கிறது. கம்பெனி சட்டம், ஆடிட்டிங் மாதிரியான தியரியை நானே வாசித்து போனில் பதிந்து வைத்து, லோட் ஸ்டிட்ச் நிரப்பும்போது காதில் ஓடவிடுவேன். டிசைன் டிரேஸ் செய்யும்போது இது ஆகாது, அதற்கு முழுக் கவனமும் வேண்டும். கணக்குப் பேப்பர்களுக்குக் காதால் கேட்பது உதவாது, நோட்டும் பேனாவுமாக விடியற்காலையில் உட்கார்ந்தால்தான் ஏறும். வருகைப்பதிவு 75 சதவீதத்துக்குக் கீழே போகவிடுவதே இல்லை, ஆர்டருக்காக லீவு போடும் பழக்கம் வந்தால் அது நிற்காது.

கேட்டரிங் பற்றிச் சொல்ல வேண்டும். காலையிலிருந்து பந்தி முடியும்வரை நின்றால் 500 ரூபாய். கால் வலி உண்டுதான், ஆனால் ஒரே மண்டபத்தில் அத்தனை ஜாக்கெட் டிசைன்களைப் பக்கத்தில் பார்க்க வேறு எங்கே முடியும்? எந்த வேலைப்பாடு பட்டுப்புடவையோடு எடுபடுகிறது, எது தூரத்திலிருந்து தெரியவே இல்லை என்பதை அங்கேதான் கற்றேன். நெருக்கமாக வைத்த பிரெஞ்சு நாட் என்கிற சின்ன நூல் முடிச்சு நாலு அடி தள்ளி நின்றாலே மறைந்துவிடுகிறது, கழுத்தைச் சுற்றி ஒரு வரிசை குந்தன் கல் வைத்தால் மேடையிலிருந்தே தெரிகிறது.

பணத்துக்கு வந்தால், பாதி முன்பணம் வாங்காமல் துணியைத் தொடுவதில்லை. ஒரு பொட்டிக்கில் மொத்தமாக வேலை கொடுத்து, கூலியை இரண்டு மாசம் இழுத்தார்கள், அது எக்ஸாம் ஃபீஸ் கட்டுகிற சமயம், அந்த வாரம் பட்ட பாடு அம்மாவுக்கும் எனக்கும்தான் தெரியும். இப்போது கடைகளுக்கு வேலை எடுப்பதில்லை. தையல்கார அக்கா ஒருவர் அனுப்புகிற ஆட்களும், அவர்கள் சொல்லி வருகிறவர்களும் போதும். அரசுப் பள்ளியில் படித்ததால் புதுமைப் பெண் திட்டத்தில் மாசம் 1,000 ரூபாய் வருகிறது, அதை அப்படியே சாமான் வாங்க வைத்துவிடுவேன். விளக்குத்தூண் பக்கமும், புது மண்டபத்திலிருந்து குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிய கடைகளிலும் நூலும் மணியும் வாங்குவேன், அரசு சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதால் தேவைப்படும்போது கொஞ்சம் கொஞ்சமாகவே வாங்க முடிகிறது.

ஆரம்பிக்கப் போகிறவர்களுக்கு ஒரு தகவல். தொழிலை, சிறு தொழில்களைப் பதிவதற்கான மத்திய அரசின் உத்யம் இணையதளத்தில் பதிய ஆதாரும் பான் கார்டும் இருந்தால் போதும், கட்டணமே கிடையாது. அதற்கு யாராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள். எனக்கு இப்போது கடைசி செமஸ்டர். ஏப்ரல் பரீட்சை முடிந்த மறுநாளிலிருந்து வைகாசி ஆர்டர், இரண்டு கல்யாணப் பெண் ஜாக்கெட்டுக்கு முன்பணம் வாங்கிவிட்டேன்.