லாக் திருத்தம்

அந்த ஒரு வரி இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது. லாகின் தோற்றால் பயனர் பெயரைச் சிஸ்லாகுக்கு, அதாவது சிஸ்டத்தின் நிகழ்வுப் பதிவுக்கு, அனுப்பும் வரி. நடுவில் ஒரு "%எஸ்" இருக்க வேண்டும், இல்லை. அது இல்லாவிட்டால், பயனர் அடிக்கும் % குறிகளையே புரோகிராம் கட்டளையாக எடுத்துக்கொள்ளும். ரவுட்டருக்குள் நாங்கள் வைத்த குட்டி வெப் சர்வர், 2005 ஆகஸ்ட்.

கண்டுபிடித்தவள் டீமில் சேர்ந்து ஆறு மாதமே ஆன பெண். பயனர் பெயர் கட்டத்தில் நாலைந்து "%எக்ஸ்" அடித்துக் காட்டினாள். அடித்தது லாகில் வரவில்லை. மெமரியின் ஸ்டாக் பகுதியில் கிடந்த எண்கள் வரிசையாக வந்து விழுந்தன.

"%என் போட்டா மெமரியில எழுதவே செய்யும் சார்."

எனக்குத் தெரியாததா? 2001 ஜனவரியில், தானாகவே பரவும் ராமென் புழு ரெட் ஹேட் லினக்ஸ் மெஷின்களுக்குள் இதே வகை ஓட்டைகள் வழியாகப் புகுந்து, முகப்புப் பக்கங்களையே மாற்றி வைத்தபோது ராத்திரி பூராவும் பேட்ச் போட்டவன் நான்.

"அது அட்மின் பக்கம்மா, உள் நெட்வொர்க்ல தான் இருக்கும்" என்றேன்.

"பாஸ்வேர்டு சரியா தப்பான்னு பார்த்தவுடனே நடக்குது சார். உள்ளே வரணும்னே இல்லை."

அதற்குப் பதில் இல்லாததால் தேதியைச் சொன்னேன். வெள்ளிக்கிழமை ரிலீஸ், அடுத்ததில் பார்ப்போம்.

அன்றைய நிலையில் அது தப்பு என்றும் சொல்ல முடியவில்லை. பில்டில் இனி மாற்றமே கூடாது என்று நிறுத்தியாயிற்று, ஒரு வரி மாறினாலும் எல்லா மாடல்களையும் திரும்ப டெஸ்ட் செய்ய வேண்டும். ஆனால் டெஸ்ட் டீமிடம் எத்தனை நாள் ஆகும் என்று நான் கேட்கவே இல்லை. சி கம்பைலரான ஜிசிசியில் இதற்கென்றே ஒரு எச்சரிக்கை அப்போதே உண்டு. அதைப் போட்டுப் பார்க்கவும் இல்லை.

நவம்பரில், சர்வர்களை வெப் வழியாக நிர்வகிக்கும் மென்பொருளான வெப்மின் பற்றிச் செய்தி வந்தது. அதன் வெப் சர்வரிலும் அச்சு அசல் அதே இடம்: லாகின், பயனர் பெயர், சிஸ்லாக். அதுவும் பெர்ல் மொழியில் எழுதியது. இது சி மொழியில் எழுதுகிறவர்களின் தலைவலி என்றுதான் நினைத்திருந்தேன். படித்ததும் முதலில் வந்தது பயமில்லை, 'நாம மட்டும் இல்லை' என்ற நிம்மதி. அந்த நிம்மதியை இன்னும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

டிசம்பர் ரிலீஸில் சரிசெய்தோம். ரிலீஸ் குறிப்பில் அவள் "பாதுகாப்புத் திருத்தம்" என்று எழுதியிருந்தாள். நான் அதை அடித்துவிட்டு "லாக் திருத்தங்கள்" என்று போட்டேன். வெளிப்படையாகச் சொன்னால், பழைய ஃபர்ம்வேர் (ரவுட்டருக்குள் ஓடும் மென்பொருள்) வைத்திருப்பவர்கள் வீட்டுக் கதவைத் திருடனுக்கு நாமே காட்டிக்கொடுத்தது போல ஆகும் என்றேன். அது பொய்யில்லை. எப்போதிலிருந்து இருக்கிறது என்று யாராவது கேட்டால் ஆகஸ்டைச் சொல்ல வேண்டியிருக்கும் என்பதும் பொய்யில்லை. லாக் திருத்தத்துக்காக ரவுட்டர் ஃபர்ம்வேரை மாற்றுகிறவர் யார்?

புகார் ஒன்றும் வரவில்லை. அதை வைத்து ஒன்றும் நடக்கவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். யாராவது அந்த வழியாகப் புகுந்திருந்தால் தடயம் இருக்கக்கூடிய ஒரே இடம் அந்த லாக் தான். ரவுட்டரை அணைத்துப் போட்டால் அதுவும் போய்விடும்.

குறிப்பைத் திருப்பிக் கொடுத்தபோது அவள் ஒரு தடவை படித்துப் பார்த்தாள். "லாக்ல தானே சார் பிரச்சினை, சரியாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்தாள். கேலி செய்தாளா, நிஜமாகவே ஒத்துக்கொண்டாளா என்று அவள் முகத்தைப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். நான் ஸ்கிரீனைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.