ஒரு கோழிக்காலில் நான்கு இழையங்கள்

உயர்தர உயிரியலில் இழையங்களை, அதாவது ஒரே வேலைக்காகக் கூடியிருக்கும் கலங்களின் (செல்களின்) கூட்டங்களைப் பற்றிய பகுதியைப் பிள்ளைகள் அட்டவணையாகத்தான் படித்துக்கொண்டு வருகிறார்கள். இடப்பக்கம் பெயர், நடுவில் அமைப்பு, வலப்பக்கம் காணப்படும் இடம். கேட்டால் மூச்சுவிடாமல் ஒப்புவிப்பார்கள். தட்டையான கலங்கள் ஒரே அடுக்காக அமைந்த எளிய செதின்மேலணி எங்கே இருக்கிறது என்றால், நுரையீரலின் சிற்றறைகளில் என்று உடனே பதில் வரும். ஏன் அங்கே என்று அடுத்த கேள்வியைப் போட்டால் மின்விசிறியின் சத்தம் மட்டும்தான் கேட்கும். வாயு கடந்து போகவேண்டிய சுவர் மெல்லியதாக இருக்கத்தானே வேண்டும்? அட்டவணையில் ‘ஏன்’ என்பதற்கு நிரல் இல்லை, அவ்வளவுதான்.

திருகோணமலையில் என் வீட்டு விறாந்தைதான் வகுப்பறை. சாம்பல்தீவு, நிலாவெளியிலிருந்து பஸ்ஸில் வருபவர்களும், மூதூர், கிண்ணியாவிலிருந்து பாலம் கடந்து வருபவர்களும் இருக்கிறார்கள். இழையங்கள் தொடங்கும் நாளில் சந்தைக்குப் போய்க் கோழிக்கால்கள் வாங்கிவருவேன். கடைக்கார நானாவுக்கு என் கோரிக்கை இன்னும் விளங்கவில்லை. “தோலை உரித்து, பாதத்தை வெட்டித் தரட்டுமா டீச்சர்?” என்பார். “இல்லை நானா, தோலும் பாதமும் அப்படியே இருக்கவேண்டும், தொடையும் சேர்ந்தே வேண்டும்” என்பேன். வெள்ளிக்கிழமை வகுப்பில் மட்டும் கோழிக்கு இடமில்லை. பாதிப்பேர் சைவம்.

இதை ஏதோ வசதியில்லாதவர்களின் மாற்றுவழி என்று எண்ணவேண்டாம். பிரெஞ்சு உடற்கூற்றியலாளர் சேவியர் பிஷா மனித உடலின் இழையங்களை 21 வகைகளாகப் பிரித்தது நுணுக்குக்காட்டியைத் தொடாமலேயே. அந்தக் காலத்து நுணுக்குக்காட்டிகள் காட்டியதில் அவருக்கு நம்பிக்கை இல்லை. சடலங்களை அறுத்தார், நீரில் ஊறவைத்தார், அவித்தார், காயவைத்தார், அமிலத்தில் இட்டார். எது கரைகிறது, எது சுருங்குகிறது, எது அசையாமல் நிற்கிறது என்று பார்த்தே வகை பிரித்தார். 1802இல் இறந்தபோது அவருக்கு வயது 30. விலங்குடல் முழுவதும் கலங்களால் ஆனது என்று ஜெர்மன் உயிரியலாளர் ஷ்வான் எழுதியது 1839இல். ஆக, இழையத்தைக் கையால் அறிவதற்கு வரலாற்றிலேயே முன்னுரிமை உண்டு. அவித்துப் பார்ப்பது ஆய்வுமுறை என்றால், ஆட்டுக்கால் சூப் வைக்கும் எங்கள் வீட்டுப் பெண்கள் எல்லோரும் பாதி ஆய்வாளர்கள்தான்.

சரி, கோழிக்கால். மேலணி, தொடுப்பு, தசை, நரம்பு என்ற நான்கு இழையங்களும் இதில் உண்டு. முதலில் தோலைக் கிள்ளி இழுக்கச் சொல்வேன். தோலின் மேற்புறம் மேலணி இழையம். கலங்கள் நெருக்கியடித்துக்கொண்டு கிடக்கும், அவற்றுக்கிடையே குருதிக்கலன் ஒன்றுகூட நுழையாது, உணவு கீழிருந்து ஊடுபரவி வரவேண்டும். தோலை உரிக்கும்போது ஒரு மெல்லிய கண்ணாடிச் சவ்வு நூல்நூலாகப் பிரிந்து அறும். சமையலில் யாரும் கவனிக்காத அந்தச் சவ்வுதான் தளர்வான தொடுப்பிழையம். பக்கத்திலே மஞ்சளாக ஒட்டியிருக்கும் கொழுப்பும் தொடுப்பிழையம். பாதத்துக்கு மேலே வெட்டினால் வெண்மையாக மினுங்கும் கயிறு போன்ற தசைநாண்... இல்லை, பெயர் பிறகு. முதலில் அதைப் பிடித்து இழுக்கச் சொல்வேன். இழுத்தால் கோழியின் விரல்கள் மடங்கும். எத்தனை வருடம் செய்தாலும் இந்த இடத்தில் யாராவது ஒருவர் கத்தாமல் இருந்ததில்லை. தசை சுருங்க, தசைநாண் இழுபட, விரல் மடங்குகிறது என்பதை அதன்பிறகு நான் விளக்கவேண்டியதில்லை.

எலும்பு முனையின் நீலம் கலந்த வெண்ணிறத் தொப்பி கசியிழையம் (குருத்தெலும்பு). நகத்தால் கீறினால் வழுக்கும். அதற்குள் குருதிக்கலனும் இல்லை, நரம்பும் இல்லை. முழங்காலில் அது தேய்ந்தால் ஏன் இலகுவில் ஆறுவதில்லை என்று இங்கே சொல்லிவிடுவேன். எல்லார் வீட்டிலும் முழங்கால் வலிக்கும் அம்மம்மா ஒருவர் இருப்பார் அல்லவா? எலும்பை வினாகிரியில் சில நாள் போட்டுவைத்தால் கல்சியம் உப்புகள் கரைந்து, கொலாஜன் என்ற புரதநார் மட்டும் எஞ்சி, எலும்பு வளையும். தொடைத்தசைகளைப் பிரித்தால் குருதிக்கலனுக்குப் பக்கத்தில் வெள்ளை இழை ஒன்று ஓடும். அது நரம்பு.

இரத்தமும் தொடுப்பிழையம் என்றதும் ஆண்டுதோறும் ஒரு எதிர்ப்புக் கிளம்பும். திரவம் எப்படி இழையமாகும்? மேலணியில் கலங்களே முக்கியம். தொடுப்பிழையத்தில் கலங்களுக்கு இடையே இருப்பதற்குத்தான் மதிப்பு. எலும்பில் அந்த இடைப்பொருள் கடினம், கசியிழையத்தில் வழுவழுப்பு, இரத்தத்தில் நீர்மம். இப்படிப் பார்த்தால் எதிர்ப்பு அடங்கிவிடும். பெரும்பாலும்.

கோழி நம்மை ஏமாற்றும் இடமும் உண்டு. கோழியின் செங்குருதிக்கலம் நீள்வட்டமானது, அதற்குக் கரு இருக்கிறது. மனிதனுடைய முதிர்ந்த செங்குருதிக்கலம் கருவையும், கலத்துக்கு ஆற்றல் தரும் இழைமணியையும் இழந்துவிட்டு, ஒட்சிசனைச் சுமந்தபடி ஏறத்தாழ 120 நாள் வாழ்ந்து முடிகிறது. ஈடுசெய்ய, எலும்புக்குள் இருக்கும் என்புமச்சை ஒவ்வொரு நொடியும் 20 இலட்சத்துக்கு மேல் புதிதாக ஆக்குகிறது. நம் உடலில் ஏறத்தாழ 30 இலட்சம் கோடி கலங்கள் இருப்பதாக 2016இல் வெளியான ஒரு கணக்கு சொல்கிறது. அவற்றில் ஐந்தில் நான்குக்கும் மேற்பட்டவை இந்தக் கருவில்லாச் செங்கலங்கள். கலத்தின் படம் வரைந்து நடுவில் பெரிய கருவைப் போட்டுப் பழகிய பிள்ளைகளுக்கு இது அதிர்ச்சி. கருவைப் பார்க்கவேண்டுமானால் கன்னத்தின் உட்புறத்தைச் சுரண்டி, மெத்திலீன் நீலச் சாயம் ஒரு துளி விட்டு என் பழைய நுணுக்குக்காட்டியில் பார்க்கலாம்.

கைகளைச் சவர்க்காரம் போட்டு நன்றாகக் கழுவவைத்த பிறகு, வீட்டுக்கு ஒரு வேலை கொடுப்பேன். கன்னியாவில் வெந்நீரூற்றுக்குப் போய்வந்த எல்லோருக்கும் விரல்நுனி சுருங்கிய அனுபவம் இருக்கும். தோல் தண்ணீரை உறிஞ்சி ஊதுவதால்தான் அப்படி என்பதே பலருடைய எண்ணம். ஆனால் நரம்பு கட்டளையிட, குருதிக்கலன்களின் சுவரிலுள்ள மழமழப்பான தசை சுருங்க, விரல்நுனியின் உட்பகுதி சற்று வற்றி, மேலே உள்ள தோல் மடிகிறது. நான்கு இழையங்களும் ஒரே விரல்நுனியில் வேலை செய்கின்றன. வெதுவெதுப்பான நீரில் அரைமணி நேரம் வீட்டிலுள்ளவர்களின் கைகளை வைக்கச்செய்து குறித்துவாருங்கள் என்பதுதான் அந்த வேலை.

இம்முறை மூதூர்ப் பக்கத்து மாணவி ஒருத்தி, “வாப்பாவின் சுட்டுவிரல் மட்டும் சுருங்கவில்லை டீச்சர்” என்று எழுதிக்கொண்டு வந்தாள். அவர் மீன்பிடிப்பவர். முன்பொருமுறை மீன் வெட்டும் கத்தி அந்த விரலில் ஆழமாக இறங்கியதாம். இப்போது ஊசி குத்தினாலும் அதில் தெரியாதாம். காயம் ஆறியிருக்கிறது, தோல் இருக்கிறது, இரத்தம் ஓடுகிறது, விரல் மடங்குகிறது. இல்லாதது எது என்று வகுப்பைக் கேட்டேன். பின்வரிசையிலிருந்து மூன்று பேர் ஒன்றாகப் பதில் சொன்னார்கள். நரம்பிழையப் பாடத்தை அன்றைக்கே எடுத்துவிட்டேன். அட்டவணை அடுத்த கிழமைக்குத் தள்ளிப்போனது.