அரிவாள்மனையை அச்செடுத்தேன்

அச்செடுப்பதற்காக லினோ என்னும் மெத்தென்ற தகட்டில் இலை, மயில் என்று செதுக்கிக்கொண்டிருந்த என்னைச் சமையலறைப் பக்கம் திருப்பியவர் ஓவியரும் அச்சுக்கலைஞருமான ஜிம் டைன். 1935-ல் அமெரிக்காவின் சின்சினாட்டியில் பிறந்தவர். தாத்தாவின் ஹார்டுவேர் கடையில் பார்த்துப் பழகிய சுத்தியல், இடுக்கி, பெயின்ட் பிரஷ் எல்லாம் அவருடைய அச்சுப்படங்களில் வரும். 1972-ல் ஐந்து பிரஷ்களை ஒரு செப்புத் தகட்டில் வரிசையாகப் பொறித்தார். அதோடு விடவில்லை, அதே தகட்டில் மேலும் மேலும் கீறி, ஒவ்வொரு நிலையிலும் அச்செடுத்தார். ஒரே பொருளோடு அவ்வளவு காலம் இருக்கலாம் என்பதே எனக்குப் பெரிய தெம்பு.

நான் எடுத்துக்கொண்டது பாட்டியின் பழைய அரிவாள்மனை. லினோவைச் சற்று வெயிலில் காட்டினால் இளகி, உளி தடையில்லாமல் ஓடும். அலகின் விளிம்புக்கு ஒரே ஒரு வெள்ளைக் கோடு. துருவியின் பற்கள் கொஞ்சம் பொறுமை கேட்டன, அவ்வளவுதான்.

பலகைதான் பிடி கொடுக்கவில்லை. லினோ என்பது ஆளிவிதை எண்ணெயும் தக்கைத் தூளும் சேர்ந்தது. மரத்தில் இருப்பதுபோல் அதற்கு ரேகை கிடையாது. நாமாகச் செதுக்கினால் வரைந்த ரேகையாகவே தெரியும்.

பலகையைத் தடவிப் பார்த்தபோது மேடுபள்ளம் விரலில் தட்டியது. வருஷக்கணக்காகத் தேங்காய் நார் போட்டுத் தேய்த்ததில் மரத்தின் மெத்தென்ற பாகம் தேய்ந்து, கெட்டியான ரேகைகள் மேலே நிற்கின்றன. மரக்கட்டையில் அச்செடுப்பவர்கள் ரேகை எழும்ப வேண்டுமென்றே கம்பி பிரஷ் போட்டுத் தேய்ப்பார்கள். அந்த வேலையைப் பாட்டி எப்போதோ முடித்துவிட்டார்.

அலகைக் கழற்றிவிட்டுப் பலகை மேலேயே பழுப்பு மையை உருட்டினேன். உருளை ஓடும்போது சன்னமாகச் சீறினால் மை பதம். தடித்தால் பள்ளமும் நிரம்பி ரேகை மூழ்கிவிடும். மேலே மெல்லிய நேபாளக் கைக்காகிதம். எவர்சில்வர் கரண்டியின் முதுகால் தேய்க்கத் தேய்க்க, காகிதத்தின் பின்பக்கமே ரேகை தெரிய ஆரம்பித்தது. காலால் அழுத்திக்கொள்ளும் இடம் மட்டும் வழவழப்பாகிக் கிடந்ததால், அங்கே ரேகையே இல்லாமல் முழுப் பழுப்பாக விழுந்தது. படத்தில் எனக்குப் பிடித்த இடம் அதுதான். எந்த உளியாலும் நான் அதைக் கொண்டுவந்திருக்க முடியாது.

மை காய்ந்தபின் அதே தாளில் லினோ அலகைக் கறுப்பில் ஏற்றினேன். பலகை இடவலம் மாறித்தான் விழுகிறது. அதனால் அலகையும் கண்ணால் பார்த்தபடியே லினோவில் வரைந்திருந்தேன். இரண்டும் பொருந்திக்கொண்டன.

அடுத்து முறுக்கு அச்சின் வில்லைகளை நேரடியாக மையில் ஒற்றிப் பார்க்கப் போகிறேன். தேன்குழல் வில்லையின் வட்டத் துளைகளும் முள்ளுமுறுக்கு வில்லையின் நட்சத்திரத் துளையும் பக்கத்தில் பக்கத்தில் வர வேண்டும்.