ஒளிர மறுத்த தூள்

சென்ற சித்திரை விடுமுறையில், பேராதனை ஆய்வுகூடத்தில் தயாரித்த வெள்ளைத் தூளில் கொஞ்சம் சிறு குப்பியில் எடுத்துக்கொண்டு, ஹட்டனுக்கு அப்பாலுள்ள எங்கள் தோட்டத்து லயத்துக்குப் போயிருந்தேன். அது மங்கனீசு மாசூட்டிய, அதாவது மங்கனீசு அயன்கள் சிறிதளவு கலந்த, நாக (துத்தநாக) சல்பைட்டின் நனோபளிங்குத் தூள். உயர்தரம் படிக்கும் அக்காவின் மகளுக்காகக் கள்ள நோட்டுப் பார்க்கும் கழியூதா டோர்ச்சை அதன்மேல் அடித்தேன். தூள் சும்மா கிடக்க, குப்பியில் ஒட்டியிருந்த பெயர்த்தாள் மட்டும் நீலமாகப் பளிச்சிட்டது. "மாமா, பேப்பருதான் மின்னுது" என்றாள்.

பிழை என்னுடையது. அந்த டோர்ச்சின் அலைநீளம் 365 நனோமீற்றர். அதன் ஒளித்துணிக்கை ஒன்றின் சக்தி ஏறத்தாழ 3.4 இலத்திரன் வோல்ற்று. நாக சல்பைட்டின் சக்தி இடைவெளியோ, அதாவது பளிங்கு ஒளியை உறிஞ்ச வேண்டிய குறைந்தபட்ச சக்தியோ, 3.6க்கு மேல், நனோ அளவில் இன்னும் கூடும். பளிங்கு உறிஞ்சாவிட்டால் மங்கனீசுக்குக் கைமாற்ற எதுவும் இராது. 254 நனோமீற்றர் விளக்கு வேண்டும். அதையும் சாதாரணக் கண்ணாடி தடுத்துவிடும் என்பதால் தூளைப் பீங்கான் தட்டில் பரப்பி, மேலிருந்து காட்ட வேண்டும்.

அடுத்த மாதம் அவள் பேராதனைக்கு வந்தபோது அப்படியே செய்தோம். தட்டு முழுவதும் செம்மஞ்சள். குவாண்டம் புள்ளிகள் எனப்படும் வழமையான ஒளிரும் நனோபளிங்குகளில் நிறத்தைத் தீர்மானிப்பது பளிங்கின் பருமன். இங்கே பளிங்கு ஒளியை வாங்கிக் கொடுக்கும் தரகர் மட்டுமே, 585 நனோமீற்றரை அண்டிய அந்த நிறம் மங்கனீசு அயனுடையது. அதன் ஐந்து d இலத்திரன்களும் ஒரே திசையில் சுழல்பவை. சக்தி பெற்று அருட்டப்படும்போது ஒன்றின் சுழற்சி புரள்கிறது. திரும்பி வரவும் மறுபடி புரள வேண்டும். விதிப்படி தடைசெய்யப்பட்ட அப்பெயர்வு, தயங்கித் தயங்கி மில்லிசெக்கன் கணக்கில்தான் நடக்கும்.

1994இல் பார்கவா குழுவினர் நனோ அளவில் இந்த ஒளிர்வு நனோசெக்கன்களில் தணிந்துவிடுவதாக அறிவித்தது பெரும் பரபரப்பானது. ஆனால், அந்த வேகமான கூறு நாக சல்பைட்டின் சொந்தக் குறைபாடுகளிலிருந்து வரும் நீல ஒளியின் வால் என்றும், மங்கனீசு பழைய நிதானத்திலேயே இருப்பதாகவும் பின்வந்த அளவீடுகள் காட்டின. எனக்கு அந்த முதல் கட்டுரையைவிட அதைத் திருத்திய வேலையே பிடிக்கும்.

"விளக்கை அணைச்சா கொஞ்ச நேரம் நிக்குமா மாமா?" என்று கேட்டாள். அணைத்தோம். இரண்டு மில்லிசெக்கன் கண்ணுக்கு எட்டுமா? உடனே இருட்டானது. மீண்டும் போடச் சொன்னாள்.