முடிச்சு உள்ளே போகட்டும்

அக்டோபர் 3, 2024
ரோஸ் போதும். வந்த 11 பை நூலில் 9 ரோஸ். மார்பகப் புற்றுநோய் விழிப்புணர்வு மாதம் பிறந்தால் இப்படித்தான். மார்பகம் எடுத்தவர்களுக்காக நாங்கள் பின்னுகிற செயற்கை மார்பகம் ரவிக்கைக்குள் போகிற பொருள், என்ன நிறமாக இருந்தால் என்ன? இரண்டு பை அக்ரிலிக். சென்னைப் புழுக்கத்தில் வியர்வையை உறிஞ்சாது, தழும்பு அரிக்கும். அதை ஓரமாக வைத்தாயிற்று. மீதியை நனைத்த வெள்ளைத் துணியில் அழுத்தித் தேய்த்துப் பார்த்ததில் 4 பை சாயம் விட்டது. பருத்தி, வெளிர் நிறம், மெல்லிய இழை. எத்தனை தடவை சொல்வது.

அக்டோபர் 6
புதிதாக வந்த மூவருக்குக் குரோஷா. வளையத்தில் 6 கண்ணி, அடுத்த சுற்று 12, அதற்கடுத்து 18. சுற்றுக்கு 6 கூட்டிக்கொண்டே போனால் தட்டு. கூட்டுவதை நிறுத்தினால் கிண்ணம். எந்தச் சுற்றில் நிறுத்துகிறோமோ அதுதான் அளவு. 3 மி.மீ. ஊசி. ஒருவர் சீக்கிரம் முடியட்டும் என்று 4 எடுத்திருக்கிறார், கண்ணி வழியே பஞ்சு எட்டிப் பார்க்கிறது. பிரிக்கச் சொன்னதில் முகம் வாடிவிட்டது.

இன்னொருவர் வேலை அழகு. ஆனால் நூல் நுனியைப் பின்பக்கம் முடிச்சிட்டு விட்டுவிட்டார். பின்பக்கம்தான் தழும்பில் படும். கடுகளவு முடிச்சு போதும், சாயங்காலத்துக்குள் தோல் சிவந்துவிடும். முடிச்சு உள்ளே.

அக்டோபர் 9
பின்னிக் கொடுத்தது மேலே ஏறுகிறது என்று புகார். கையைத் தூக்கினால் கழுத்துக்கே வந்துவிடுகிறதாம்.

அக்டோபர் 11
சரஸ்வதி பூஜை. ஊசி, கத்தரி, இஞ்ச் டேப் எல்லாம் படத்தின் முன்னால்.

அக்டோபர் 15
பேய் மழை. தரையில் வைத்த மூட்டை நனைந்துவிட்டது. நல்லவேளை, இலவம் பஞ்சு மூட்டைதான். யாரோ ஆசையாகக் கொடுத்தது, வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. கையில் எடுத்தால் பூப்போல இருக்கும். ஒரு தரம் துவைத்தால் உருண்டை உருண்டையாகக் கட்டிக்கொள்ளும், உள்ளே காயாது, பூஞ்சை பிடிக்கும். ரெக்ரான் என்கிற பாலியெஸ்டர் பஞ்சுதான் சரி. அதையும் திணிக்கக் கூடாது, பந்தாகிவிடும். கொஞ்சம் கொஞ்சமாகப் பிய்த்து, ஓரத்தில் முதலில், நடுவில் கடைசியாக. பின்பக்கம் சுருக்குக் கயிறு வைத்து மூடினால் பஞ்சை அவர்களே கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம்.

மழைக்காலத்தில் ஒன்று கொடுத்தால் போதாது. துவைத்தது நிழலில் காய இரண்டு நாள் ஆகிறது. ஆளுக்கு 2.

அக்டோபர் 17
டிரெயின் பை 20 தைத்தாயிற்று. ஆபரேஷன் காயத்திலிருந்து நீர் வடிகிற குழாயின் புட்டியை வைத்துக்கொள்ள. புட்டி காயத்துக்குக் கீழேயே தொங்க வேண்டும், அதனால் வாரை நீளம் குறைக்கவும் கூட்டவும் முடிகிற மாதிரி. சிலருக்கு இரண்டு குழாய். ஒரு பைக்குள் இரண்டு அறை. கூடவே ஒரு சீட்டு: காலை, மாலை எத்தனை மி.லி. பொதுவாக 24 மணி நேரத்தில் 30-க்குக் கீழே இறங்கினால்தான் எடுப்பதைப் பற்றி டாக்டர் பேசுவார். திடீரென ஒன்றும் வராவிட்டால் வற்றிவிட்டது என்று சந்தோஷப்பட வேண்டாம். குழாய் அடைத்திருக்கலாம், போன் செய்யச் சொல்ல வேண்டும்.

அக்டோபர் 20
விக்குக்கென்று மறுபடியும் முடி. ஈரத்தோடு பின்னி, கவரில் போட்டு, கூரியரில். திறந்தால் நாற்றம். காய்ந்த முடி, இரண்டு முனையிலும் ரப்பர், 12 அங்குலத்துக்குக் குறையாமல். ஒரு விக்குக்குப் பல பேர் முடி வேண்டும். பாதிப் பேர் ஸ்கார்ஃப் போதும் என்கிறார்கள், அதை யாரும் கொடுப்பதில்லை.

அக்டோபர் 24
கீமோ எடுப்பவர்களுக்குத் தெர்மாமீட்டர் 15. கொடுக்கும்போது சொல்ல வேண்டியது ஒன்றே ஒன்று: 100.4 காட்டினால் நடுராத்திரி ஆனாலும் ஆஸ்பத்திரி. மாத்திரை போட்டுப் பார்ப்போம், விடியட்டும் என்பதெல்லாம் கூடாது. மாத்திரை காய்ச்சலை மறைத்துவிடும், தொற்று உள்ளேயே இருக்கும்.

அக்டோபர் 28
எடை. மேலே ஏறுவதற்கு எடைதான் கோளாறு. பஞ்சு வைத்தது 40 கிராம்கூட இல்லை. அந்தப் பக்கம் பாடி (பிரா) தானாகத் தூக்கிக்கொள்கிறது. இரும்பு நட்டு வைத்துப் பார்த்தோம், துவைத்ததில் துரு. தூண்டில் குண்டு ஈயம், வேண்டாம். கூழாங்கல், மல் துணியில் சுற்றி, அடிப்பாகத்தில், முன்பக்கமாக. முதலில் உருண்டது. நான்கு தையல் போட்டதும் நின்றது. துவைக்கும்போது கழற்றிவிடலாம். 60 கிராம் போதுமா, 80 வேண்டுமா?

திருவண்ணாமலைப் பக்கத்து அம்மா: "பாடியெல்லாம் போட்டதே இல்லை கண்ணு." இத்தனை நாள் இது யாருக்கும் தோன்றவில்லை! அவர் ரவிக்கைக்குள்ளேயே மல் துணியில் பாக்கெட், வாய் அக்குள் பக்கம். கொக்கிப் பக்கம் வைத்தால் குனியும்போது வெளியே வந்துவிடும்.

அக்டோபர் 31
தீபாவளி. கீமோ ஊசி போட்டு 10-ஆம் நாளில் இரண்டு பேர். வெள்ளை அணுக்கள் இறங்கி, தொற்று சுலபமாக ஒட்டுகிற நேரம். பலகாரத்தை வாசலில் கொடுத்துவிட்டு வந்துவிட வேண்டும்.

நவம்பர் 2
புற்றுநோயாளிக்கான ரயில் சலுகைப் படிவம் திரும்பி வந்தது. எந்த ஸ்டேஷனிலிருந்து எதுவரை என்ற இடம் காலி. ஸ்லீப்பரில் நோயாளிக்கு முழுச் சலுகை, துணைக்கு வருபவருக்கு 75 சதவீதம். இரண்டு வார்த்தை விட்டுப்போனதில் முழுக் காசு கட்டியிருக்கிறார்கள்.

நவம்பர் 5
நூல் பற்றி ஒரு போன்கூட இல்லை. மாதம் முடிந்துவிட்டது அல்லவா.

நவம்பர் 7
80 கிராம் வைத்ததில் மேலே ஏறவில்லை. ஆனால் தோள்பட்டை வார் அழுத்துகிறதாம், அதுவும் அக்குளில் நெறி (நிணநீர்க் கணு) எடுத்த பக்கம். கை வீங்கினால் வம்பு. அகல வார் தைக்க வேண்டும். 38 அளவு இரண்டு, வெள்ளிக்கிழமைக்குள். ஒன்றுக்கு இன்னும் பின்பக்கம் மூடவில்லை.